நிலைமம் நகருமா?

வியாசர்பாடியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக விசை பற்றிச் சில சுவர் அட்டைகள் போடுகிறோம். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். வெளியிலிருந்து விசை வராதவரை பொருள் தன் போக்கை மாற்றிக்கொள்ளாத இயல்பை (ஆங்கிலத்தில் inertia) பாடநூல் 'நிலைமம்' என்கிறது. பிள்ளைகள் காதில் அது 'நிற்பது' என்றே விழுகிறது. நேற்று கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிக் காட்டினேன். பவுடர் போடாததால் பாதி வழியில் நின்றது. "நிலைமம் வந்துடுச்சு மிஸ்" என்றான் ஒருவன்! நிறுத்தியது உராய்வு, பழி நிலைமத்தின் மேல். பவுடர் தூவியதும் அதே சுண்டலுக்கு எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்தது. ஓடுகிற பொருள் தன் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதையும் காட்டுகிற சொல் வேண்டும். 'விடாமை' சரிப்படுமா?

மயிலாப்பூரிலிருந்து:
அம்மா, 'விடாமை' என்றால் கடன் கொடுத்தவர் ஞாபகம்தான் வருகிறது. 'சடத்துவம்' இருக்கிறதே? இலங்கைப் பாடநூல்களில் அதுதான்.

அம்பத்தூரிலிருந்து:
சடம் வடசொல் ஐயா. அதோடு, சடம் என்றாலே அசையாமல் கிடப்பது. நோய் அப்படியேதான் இருக்கிறது. inertia என்ற மூல லத்தீன் சொல்லுக்குச் சோம்பல் என்று பொருள். ஆகவே 'மடிமை' என்பேன். குறளில் மடியின்மை என்று ஓர் அதிகாரமே உண்டு.

மயிலாப்பூரிலிருந்து:
எங்கள் தெருவில் வந்து மடி என்று சொல்லிப் பாருங்கள், ஈர வேட்டி காயும் கொடியைக் காட்டுவார்கள். இலங்கைச் சொற்களை அவ்வளவு எளிதில் தள்ளாதீர்கள். அவர்கள் 'திணிவு' என்பதைத்தான் நாம் 'நிறை' என்கிறோம். அவர்களுடைய 'நிறை' நமக்கு 'எடை'. இரண்டு பக்கமும் படிக்கிற பிள்ளை என்ன பாடுபடும்?

கொளத்தூரிலிருந்து:
நிறை, எடையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இல்லாவிட்டால் வியாழன் போய்விடும். சோம்பல் என்ற அந்த லத்தீன் சொல்லை இயற்பியலுக்குக் கொண்டுவந்தவர் வானியலாளர் கெப்ளர். பொருள் தானாக ஓய்வையே நாடும் என்பது அவர் எண்ணம். நகரும் பொருளுக்கும் அதை நீட்டியது நியூட்டன், 1687இல். அதாவது அவர்கள் சொல்லிலும் இதே கோணல்தான். சொல்லை மாற்றவில்லை, விளக்கத்தை மாற்றினார்கள். 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இன்றும் நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் போகிறது. அதைத் தள்ள எஞ்சின் எதுவும் எரியவில்லை. ஓர் அட்டையில் அதைப் போடுங்கள். சொல் 'நிலைமம்' என்றே இருக்கட்டும். பரீட்சைத் தாளிலும் அதுதான் வரும்.

தாம்பரத்திலிருந்து:
நானும் நிலைமத்தின் பக்கம், காரணம் வேறு. நில் என்ற வேரை நீங்கள் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறீர்கள். மழை நின்றுவிட்டது என்றால் ஓய்ந்தது. நின்று பெய்தது என்றால் விடாமல் பெய்தது. விளக்கு நின்று எரிகிறது, அமைதி நிலவுகிறது, புகழ் நிலைக்கிறது. ஓய்வுக்கும் தொடர்ச்சிக்கும் ஒரே வேர்! வேறெந்த மொழிக்கு இந்த வசதி? நிலம் என்பதும் இந்த நில்தான் என்பார்கள். அதற்கு நான்கு பக்கக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்புகிறேன்.

அம்பத்தூரிலிருந்து:
யாரும் கேட்கவில்லை ஐயா.

வியாசர்பாடியிலிருந்து:
மழை எடுத்துக்காட்டு அருமை ஐயா, அட்டையில் அப்படியே போட்டுக்கொள்கிறேன். சரி, நான்கு பேர் நிலைமம், ஒருவர் மடிமை என்று வைத்துக்கொள்கிறேன். 'நிலைமம்: நிற்பது நிற்கும், ஓடுவது ஓடும், வெளியிலிருந்து விசை வந்து மாற்றும்வரை.' கோப்பு இன்றிரவு போகிறது.

மயிலாப்பூரிலிருந்து:
நான்கில் என்னை எப்போது சேர்த்தீர்கள்?

பெரம்பூரிலிருந்து:
தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நில் தொடர்ச்சியையும் குறிக்கும் என்றால் 'நிலை உராய்வு' என்ன ஆவது? பீரோவைத் தள்ளத் தொடங்கும்போது, அது அசையும்வரை, நாம் தள்ளுகிற அளவுக்கே எதிர்த்துப் பிடிக்கிற உராய்வு அது. நகர்ந்ததும் 'இயக்க உராய்வு' என்று பேர் மாறிவிடுகிறது, தள்ளுவதும் சற்று இலகுவாகிறது. ஓடாத மின்னூட்டத்தைப் பற்றிய நிலைமின்னியலிலும் நிலை என்றால் அசையாததுதான். அடுத்தடுத்த அட்டையில் ஒரே 'நிலை'க்கு இரண்டு பொருளா? அந்தப் பையன் மறுபடியும் கேட்பான். என் வாக்கு விடாமைக்கே.

வியாசர்பாடியிலிருந்து:
தம்பி, கோப்பு அச்சகத்துக்குப் போய் ஒரு மணி நேரமாகிறது. உராய்வு அட்டைக்கு மட்டும் நாளை மதியம் வரை நேரம் கேட்டிருக்கிறேன். 'ஓய்வுநிலை உராய்வு' என்று நீட்டிப் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா?