வேப்பமரத்தடி ஏணை: பிள்ளையை வெளியில் தூங்க வைத்தவர்கள் சொல்லுங்கள்

சத்துவாச்சாரி அம்மா:

என் பெண்ணுக்கு ஏழு மாதம். பகலில் வீட்டுக்குள் அரை மணிக்கு மேல் தூங்க மாட்டாள். எங்களுடையது இரண்டாவது மாடி, தலைக்கு மேல் மொட்டை மாடித் தளம். பதினோரு மணிக்கே ஃபேன் சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றித் தரும். பங்குனிக் கடைசியில் அணைக்கட்டுப் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆயா பத்து நிமிடம் பிள்ளை சிணுங்குவதைப் பார்த்தார். அப்புறம் பெட்டியிலிருந்து பழைய நூல் புடவை ஒன்றை உருவிக்கொண்டு போய் வாசல் வேம்பில் ஏணை கட்டிவிட்டு, "கொண்டா இப்படி" என்று கையை நீட்டினார்.

ஒன்பது மணிக்குப் போட்ட பிள்ளை பதினொன்றேகாலுக்குத்தான் கண் விழித்தாள். நடுவில் நான்கு தடவை போய் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். புடவை மேல் வேப்பம்பூ பொரி மாதிரி உதிர்ந்து கிடந்தது. ஆயா பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் எறும்பு. காது மடலில் இரண்டு, கழுத்து மடிப்பில் ஒன்று, எல்லாம் பால் வழிந்த இடம். பிள்ளை போட்ட அலறலில் அண்ணி ஓடி வந்து, "இதெல்லாம் அந்தக் காலம், உன் வீட்டுக்காரர ஏசி வாங்கிப் போடச் சொல்லு" என்றார்.

நம் வேலூர்ப் பக்கம் நல்ல காற்றுக்காக இப்படி வெளியில் தூங்க வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அறிவுரை வேண்டாம், நிறைய கேட்டாயிற்று. நடந்ததைச் சொல்லுங்கள்.

குடியாத்தம் ஆயா (சொல்வது நான், எழுதுவது பேத்தி):

மரத்தில் கட்டின ஏணைக்கு எறும்பு கயிற்று வழியாகத்தான் வரும். கிளையை ஒட்டின இடத்தில் ஒரு துணித்துண்டை வேப்பெண்ணெயில் நனைத்துச் சுற்றிவிடு. சிலர் மண்ணெண்ணெய் வைப்பார்கள், அந்த வாடை எனக்கு ஆகாது. பால் குடித்ததும் வாயையும் கழுத்தையும் ஈரத்துணியால் துடைத்தால் பாதி எறும்பு எட்டிப் பார்க்காது.

என் நான்கு பிள்ளைகளும் வெளியில் தூங்கினவர்கள்தான். வேறு வழி? வீடு என்பது ஒரே அறை, அதற்குள்ளேயே அடுப்பு, புகை. எங்கள் தெருவில் அன்றைக்குப் பீடி சுற்றாத வீடு கிடையாது. திண்ணையை ஒட்டி ஒரு பூவரச மரம். ஏணைக் கயிற்றோடு இன்னொரு கயிறு கட்டி, அதன் நுனியைக் கால் கட்டை விரலில் மாட்டிக்கொள்வேன். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும் நூலும். கை சுற்றும், கால் ஆட்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பிள்ளை எழுந்தால் அன்றைக்கு எண்ணிக்கை விழும். முதல் பிள்ளைக்கு விரலில் விழுந்த தழும்பு, நான்காவது பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும் இருந்தது.

நல்ல காற்று, நல்ல காற்று என்கிறீர்கள். புகையிலைத் தூள் பறக்கிற இடத்தில்தானே பிள்ளையைப் போட்டோம்? அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

முருங்கை மரத்தடியில் மட்டும் கட்டாதே. கம்பளிப்பூச்சி விழுந்து என் இரண்டாவது பையன் ராத்திரி முழுக்கத் தடித்துப்போய் அழுதான். புளியமரத்தடியில் பேய் என்பார்கள், நான் பார்த்ததில்லை. இருந்தாலும் உச்சிவேளையில் ஏணைக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு போடுவேன், கையில் வசம்பு கட்டுவேன். இதை எழுதாதே என்றால் கேட்கிறாளா பார்.

எஸ்போவில் இருக்கும் வாணியம்பாடிக்காரர்:

ஃபின்லாந்து வந்த முதல் ஜனவரியில் குடியிருப்பின் பின்பக்கம் பனிக்கு நடுவில் நான்கு குழந்தை வண்டிகள் வரிசையாக நின்றன. இடமில்லாமல் வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே கடந்தேன். ஒரு வண்டி தும்மியது. நான் பதறிப்போய் நின்றதைப் பார்த்துவிட்டு, முதல் மாடி ஜன்னலிலிருந்து ஒரு அம்மா சிரித்தபடி கையசைத்தார். கையில் காபிக் கோப்பை.

இங்கே அது பெரிய விஷயமே இல்லை. எங்கள் பையன் பிறந்தபோது தாய்சேய் நல நர்ஸே, "வெளியில் தூங்க வைக்க ஆரம்பித்துவிட்டீர்களா" என்று கேட்டார், நம் ஊரில் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. அரசாங்கம் தாய்மார்களுக்கு ஒரு பெட்டி தருகிறது. 1938இல் ஏழைத் தாய்மார்களுக்கென்று தொடங்கி 1949 முதல் எல்லோருக்கும். துணிமணியோடு குளிருக்கான தூக்கப் பையும் அதில் இருக்கும். 1920களில், பிறக்கிற பிள்ளைகள் நிறைய இறந்துகொண்டிருந்த காலத்தில், அடைசலான அறையைவிட வெளிக்காற்று மேல் என்று ஆர்வோ யுல்ப்போ என்ற குழந்தை மருத்துவர் வலியுறுத்தியிருக்கிறார். அவர் 104 வயது வரை இருந்தார் என்பதை இங்குள்ளவர்கள் தவறாமல் சேர்த்துச் சொல்வார்கள். ஓலு பல்கலைக்கழகத்தார் 2008இல் பெற்றோரிடம் கேட்டு எழுதிய ஆய்வில், வெளியில் தூங்க வாகான குளிர் மைனஸ் 5 டிகிரி என்று வருகிறது. உள்ளே தூங்குவதைவிட வெளியில் கூடுதல் நேரம் தூங்குவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். பேறுகாலத்துக்கு ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். ஒரு மாதம் ஆகாத பிள்ளைக்கு வெளிக்காற்று படக்கூடாது என்று ஜன்னல் இடுக்கில்கூடத் துணி அடைத்தவர். நானும் மனைவியும் துணிந்து ஒருநாள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தோம். "பச்சப் புள்ளைய பனியில போட்டுட்டு நீங்க உள்ள உக்காந்து டீ குடிப்பீங்களாடா?" என்னுடைய குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளை இரண்டு மணி நேரம் தூங்கினான். அம்மாவும் இரண்டு மணி நேரம் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் வந்து, உங்கள் அம்மாவிடம் வீட்டுச் சாவி இல்லையா என்று மெதுவாக விசாரித்தார்.

குளிரைக்கூட அம்மா ஒரு வாரத்தில் ஏற்றுக்கொண்டார். ஆள் இல்லாமல் பிள்ளையை விடுவதைக் கிளம்புகிற நாள் வரை ஏற்கவில்லை. 1997இல் டென்மார்க் அம்மா ஒருவர் நியூயார்க்கில் ஓட்டல் வாசலில் வண்டியோடு பிள்ளையை விட்டுவிட்டு உள்ளே சாப்பிட்டதற்குக் கைதானார். அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். "நல்லா பண்ணாங்க" என்றார்.

கிரீன் சர்க்கிள் ஆட்டோக்காரர்:

மைனஸ் 5 வேண்டுமென்றால் நாம் ஐஸ் ஃபேக்டரிக்குத்தான் பிள்ளையைத் தூக்கிப் போக வேண்டும். மரமில்லாத மலை, தண்ணியில்லாத ஆறு என்று நம் ஊரைக் கிண்டல் செய்தவன் நிழலில்லாத தெருவை விட்டுவிட்டான்.

ஒடுகத்தூர் பக்கம் வேலை பார்க்கும் கிராம நர்ஸ்:

அறிவுரை வேண்டாம் என்கிறீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு மே மாதம், வீடு வீடாகப் போகிற நாள். மாங்காய்த் தோப்பில் நான்கு மாதப் பையனை ஏணையில் போட்டிருந்தார்கள். நல்ல நிழல்தான். ஈ மொய்க்கிறது என்று ஏணையின் வாயை மூடித் துணி கிளிப் போட்டிருந்தது. பிரித்தால் உள்ளே கம்பளிக் குல்லா, சாக்ஸ். மே மாதத்தில்! பிடரியில் கை வைத்தேன், ஈரம் சொட்டியது. முகம் சிவந்து, காலையிலிருந்து துணி நனையவில்லை என்றார் அம்மா. குல்லாவைக் கழற்றி, உடம்பைத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே பால் கொடுக்கச் சொன்னேன். தேறவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓட ஆட்டோவையும் நிறுத்தி வைத்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து என் சேலை மேலேயே மூத்திரம் போனான். அன்றைக்கு அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை.

மெல்லிய துணிதானே என்பார்கள். ஸ்வீடனில் 2014இல் ஒரு செய்தித்தாள் வெயிலில் சோதித்துப் பார்த்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடினதும் அரை மணியில் 34, ஒரு மணியில் 37. ஸ்வீடனிலேயே அப்படியென்றால் நம் கத்திரி வெயிலைக் கேட்க வேண்டாம். அந்த வீட்டுப் பாட்டி, நாக்கு வறண்டிருக்கும் என்று சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது.

இன்னொன்று சொன்னால் ஏணைக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வை என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. ஏணையில் பிள்ளை சுருண்டு, முகவாய் நெஞ்சில் போய் இடிக்கும். என் பெண்ணை நானும் ஏணையில்தான் வளர்த்தேன், ஆனால் கண்ணை எடுத்ததில்லை. டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும், அதையும் மறக்க வேண்டாம். சரி, அறிவுரை ஆகிவிட்டது.

காட்பாடி அப்பா:

என் மகள் பிறந்தது 2012. அந்த வருஷ மின்வெட்டு யாருக்கும் மறந்திருக்காது. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் இருட்டு. நல்ல காற்றை நாங்கள் தேடிப் போகவில்லை, வீடே எங்களை வெளியே தள்ளியது. சாயங்காலம் ஆறு மணிக்கு மாடித் தளத்தில் பத்து வாளி தண்ணீர் ஊற்றுவேன். சுர்ரென்று ஆவி வரும், மண்வாசனை வரும். நம் மலைகள் பகலெல்லாம் வாங்கின வெயிலை ராத்திரி ஒன்பது மணி வரை திருப்பித் தந்துகொண்டிருக்கும். பத்துக்கு மேல்தான் பாலாற்றுப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று. பாய், அதன்மேல் கொசுவலை. தெரு முழுக்க மாடியில்தான். ஒரு வீட்டுப் பிள்ளை அழுதால் மூன்று மாடி தள்ளி ஒருவர் "ஆராரோ" என்பார். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுந்து, பனி தலையில் இறங்கிவிடும் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விடுவார். கரண்ட் ஒழுங்கானதும் எல்லோரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். மின்வெட்டு திரும்ப வேண்டுமா என்றால் வேண்டவே வேண்டாம். அந்தப் பாலாற்றுக் காற்று மட்டும் வந்தால் போதும்.

கே.வி.குப்பம் பக்கம்:

நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருந்திருக்கிறேன். ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வந்தால், பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும், அவருக்கும் அதே கூலி என்பது அப்போது விதி. ஏரி வேலை என்றால் கரையில் வேலிகாத்தான்தான் மண்டிக் கிடக்கும், அதில் முள்தான் உண்டு, நிழல் ஏது? ஒரே ஒரு புங்கமரம் இருந்தது. அதில் மூன்று ஏணை. பார்த்துக்கொண்டவருக்கு வயது எழுபதுக்கு மேல், மண் வெட்ட முடியாது. ஒரு வேப்பங்கொத்தை வைத்துக்கொண்டு மூன்றுக்கும் விசிறுவார், நாய் வந்தால் அதே கொத்தால் விரட்டுவார். சும்மா உட்கார்ந்து கூலி வாங்குகிறது என்று மண் வெட்டுகிற ஆம்பளைகள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் அவர் காய்ச்சலில் வரவில்லை. அன்றைக்கு மூன்று அம்மாக்களும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரை ஏறி இறங்கினதில் பாதி வேலைகூட நடக்கவில்லை. மறுநாள் முணுமுணுப்பு இல்லை.

ஆம்பூர் மாமி:

ஏலகிரிக்குப் போனோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் அழுத பேரன் மேலே போய்ப் பலாமரத்தடியில் பாய் விரித்ததும் மூன்று மணி நேரம் தூங்கினான். பால் பாட்டிலைக் குரங்கு கொண்டுபோய்விட்டது. கிளையில் உட்கார்ந்து மூடியைத் திறந்து குடித்தது.

சத்துவாச்சாரி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. குடியாத்தம் ஆயாவின் வேப்பெண்ணெய்த் துணி பலித்தது, ஊரில் இருந்தவரை ஒரு எறும்பு இல்லை. நர்ஸ் அக்கா எழுதினதைப் படித்த அன்றே பிள்ளையின் குல்லாவை எடுத்து பீரோவில் வைத்துவிட்டேன். மாமியார் இரண்டு நாளாகத் தேடுகிறார்.

திரும்பி வந்த பிறகு மாடியில் பழைய கதைதான். நேற்று வாசலில் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தபோது, கீழ்வீட்டு அம்மா (வீட்டுக்காரர், வாடகை விஷயத்தில் கறார்) "காலைல எட்டு மணிக்கு எறக்கிக் கொண்டா, அந்த புங்கமரத்தாண்ட கட்டில் போடறேன். நான் எப்படியும் வெளியதான் கீர ஆயணும்" என்றார். நாடாக் கட்டில் பள்ளம் விழும் என்று பலகைக் கட்டிலாகவே போட்டுக் கொடுத்தார். மேலே கொசுவலை, நான்கு பக்கமும் காற்று. இன்று ஒரு மணி பத்து நிமிடம் தூங்கினாள். நடுவில் ஒரு தண்ணீர் லாரி ஹார்ன் அடித்தது. கீழ்வீட்டு அம்மா முளைக்கீரைக் கட்டோடு எழுந்து ரோட்டுக்கே போய்விட்டார்.