உப்பு நார்த்தங்காய் காய வைக்கறவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சித்திரை வெயில் வந்துட்டா எங்க மொட்டை மாடி நார்த்தங்காய்க்குத்தான். கெட்டிக் காயாப் பார்த்து வாங்குவேன், பழுத்தது சுருளா வெட்ட வராது. அறுந்துடாம சுத்திச் சுத்திக் கத்தியை ஓட்டினா காய் ஸ்பிரிங் மாதிரி விரியும். இடுக்கெல்லாம் கல்லுப்பும் மஞ்சள்தூளும் அடைச்சு, மூடி, பீங்கான் ஜாடியில அடுக்கிடுவேன். தினம் ஒரு குலுக்கு. கொஞ்ச நாள்ல காய் நல்லாத் தண்ணி விட்டுடும்.

அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுக் காயை மட்டும் காய வைக்கறவங்களைப் பார்த்தா எனக்கு வயிறு எரியும். புளிப்பே அதுலதானே இருக்கு! பகல்ல காயைத் தட்டுல பரப்பி வெயில்ல வைங்க, சாயங்காலம் அதே தண்ணிக்குள்ள போட்டுடுங்க. ஜாடியையும் வாயில துணி கட்டி வெயில்லயே விடுங்க. தண்ணி பூரா காய் இழுத்து, ஜாடி அடி வறண்டப்புறம்தான் கடைசிக் காய்ச்சல். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேண்டாம், உப்பும் புளிப்பும் சேர்ந்து அரிச்சுடும்.

*

அக்கா, நல்லாக் காஞ்ச காய் மேல வெள்ளையாப் பூத்திருக்கேன்னு பதறிப்போய் மாமியார்கிட்ட காட்டினேன். விரல்ல தண்ணி தொட்டுத் தேய்ச்சாங்க, கரைஞ்சு போச்சு. உப்பு பூத்ததாம். நூல் நூலாப் படர்ந்து, மக்கின வாடை அடிச்சாத்தான் பூசணம். அதைச் சுரண்டிட்டு வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க. பழைய காய் கறுத்துப் போறது வேற விஷயம், எங்க வீட்ல அதுக்குத்தான் சண்டையே.

*

நான் மஸ்கட்ல இருக்கேன். இங்க எலுமிச்சையை வெட்டறதே இல்லை. முழுசா உப்புத் தண்ணியில கொதிக்க விட்டு வெயில்ல போட்டுடறாங்க. உள்ள கறுத்து, கனமே இல்லாம, ஆட்டினா விதை கலகலங்கும். லூமின்னு பேரு. ஓட்டை போட்டுக் கறிக்குழம்புல போடுவாங்க. நான் ரசத்துல ஒண்ணு போட்டுப் பார்த்தேன். புளியைக் குறைச்சுக்கணும், உடைச்சு விதையை எடுத்துடணும், இல்லேன்னா கசப்புத் தட்டும். மத்தபடி அந்த வாசனைக்கே ரெண்டு கரண்டி கூடப் போகும்.

*

ரசத்துலயா! செஞ்சு பார்க்கறேன். எங்க அப்பாவுக்கு பிரஷர், அதனால அவருக்கு நார்த்தங்காய் நகக்கண் அளவுதான். அதுவும் தயிர்சாதத்தை உப்பே போடாம பிசைஞ்சு வச்சாத்தான் கண்ணுல காட்டுவேன்.