டர்பன் பக்கம் வீடு வாங்கினோம்: கேட்கும் விலை ஒன்று, பதிவான விலை ஒன்று

நார்த் கோஸ்ட்வாசி, டர்பன்

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம் வீடு பார்க்கிறோம் என்று சொன்னதும் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். "நார்த் கோஸ்ட்டா? விலை ஏறிக்கிட்டே இருக்கு, சீக்கிரம் முடிங்க." எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால், விற்பனை விளம்பரங்களில் போட்டிருக்கும் விலைகளைக் காட்டுவார்கள். அது விற்பவர் ஆசைப்படும் விலை. என்ன விலைக்குக் கைமாறியது என்பது டீட்ஸ் ஆபீஸில்தான் (சொத்துப் பதிவு அலுவலகம்) இருக்கிறது.

பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்று ஊரில் பார்த்துப் பழகிய நமக்கு இது லேசில் மனதில் ஏறாது. இங்கே பணம் கன்வேயன்சரின் (சொத்தைப் பெயர்மாற்றிப் பதிவு செய்யும் வக்கீல்) டிரஸ்ட் கணக்கு வழியாகத்தான் போகிறது, பெரும்பாலும் பாதிக்கு மேல் வங்கியின் பணம். அதனால் பதிவான விலையை நம்பலாம். குவாசுலு-நட்டால் சொத்துகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பதிவாகின்றன. சிறு கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். லைட்ஸ்டோன் மாதிரி நிறுவனங்கள் இதே தகவலைத் தெருவாரியாகத் தொகுத்து விற்கின்றன. நல்ல ஏஜென்ட் கையில் அந்த அறிக்கை இருக்கும். நாமாகக் கேட்காவிட்டால் மேசைக்கு வராது, அவ்வளவுதான்.

எங்களுக்குப் பிடித்த டவுன்ஹவுஸுக்கு 23.5 லட்சம் ராண்ட் கேட்டார்கள். ஏஜென்ட் ஆன்ட்டி நம் பூர்வீகம்தான். எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோவிலுக்கு ஈஸ்டர் திருவிழா தவறாமல் போகிறவர், தமிழ் கொஞ்சம் வரும். "இந்த காம்ப்ளக்ஸில் கடைசியாக விற்றது என்ன விலை ஆன்ட்டி?" என்றேன். பதில் சொல்லாமல் கதவு, கப்போர்டு எல்லாம் திறந்து காட்டினார். மறுபடி கேட்டதும் சிரித்துக்கொண்டே பையிலிருந்து அறிக்கையை எடுத்தார். அதே அளவு, அதே படுக்கையறைக் கணக்கு. அந்த வருஷம் பதிவானது 19.8 லட்சத்துக்கு. "அது கீழ் வரிசை தம்பி, சுவரைப் பார்த்த மாதிரி இருக்கும். இதுக்கு முனிசிபாலிட்டியே 22 போட்டிருக்கான்" என்றார்.

முனிசிபல் மதிப்பீட்டை ஆதாரமாக எடுக்காதீர்கள். அது ரேட்ஸ் வரி போடுவதற்காக ஊர் முழுக்க மொத்தமாகச் செய்யும் கணக்கு. பெருநகரங்களில் சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் புதுப்பட்டியல் வரும். யாரும் அந்த வீட்டுக்குள் வந்து சமையலறையைப் பார்த்து எழுதியதல்ல.

அடுத்து நான் கேட்டது பாடி கார்ப்பரேட்டின் (வளாகத்து வீட்டு உரிமையாளர் சங்கம்) பொதுக்கூட்டக் குறிப்பு. நீளமான, அலுப்பூட்டும் பிடிஎஃப். அதில் ஒரு வரி: ஏப்ரல் 2022 வெள்ளத்தில் சரிந்த தாங்குசுவரை மறுபடி கட்ட ஸ்பெஷல் லெவி (உரிமையாளர்களிடம் தனியாக வசூலிக்கும் தொகை), அதன் இரண்டாவது தவணை இன்னும் பாக்கி. "பார்த்தீங்களா ஆன்ட்டி" என்று காட்டினால், "அதெல்லாம் செல்லர் கட்டிடுவார்" என்கிறார். கட்டுவார் என்றால் ஆஃபரிலேயே (இரண்டு பக்கமும் கையெழுத்துப் போடும் விற்பனை ஒப்பந்தம்) எழுதிக் கொடுக்கட்டும் என்றேன். எழுதினார்கள். இந்த மாதிரி செக்ஷனல் டைட்டில் (உங்கள் பகுதி மட்டும் தனிச் சொந்தம், மற்றதெல்லாம் பொது) வீடுகளுக்குப் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டமும் அதற்கான சேமிப்பும் சட்டப்படி இருக்க வேண்டும். இரண்டையும் கேளுங்கள். சேமிப்பு காலி என்றால் அடுத்த ஸ்பெஷல் லெவி உங்கள் தலையில்தான்.

விற்பவர் ஏன் விற்கிறார் என்பதற்கும் விடை ஆன்ட்டி காட்டிய அந்த விலை அறிக்கையிலேயே இருந்தது: 2021-ல் வாங்கியவர். அப்போது பிரைம் வட்டி (வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி) 7 சதவீதம். மே 2023-ல் அது 11.75-ஐத் தொட்டது. 20 வருஷ பாண்டில் (வீட்டுக் கடன்) ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் மாதத் தவணை ஏறக்குறைய 7,750-லிருந்து 10,840 ராண்டுக்குப் போயிருக்கும். செப்டம்பர் 2024-லிருந்து வட்டி இறங்க ஆரம்பித்தாலும் பழைய அடி எல்லாருக்கும் ஆறிவிடவில்லை. விளம்பரமும் பல மாதமாகக் கிடந்தது, படத்தில் இருந்த கிறிஸ்துமஸ் மரமே சொல்லிவிட்டது. நாங்கள் 19.5-ல் ஆரம்பித்தோம், 20 லட்சத்தில் முடிந்தது.

டொங்காட் கணேஷ்

விலைப் பேச்செல்லாம் சரி, தண்ணீர்? நீங்கள் சொல்லும் அதே 2022 வெள்ளத்தில் எங்கள் டொங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வரவில்லை. அதற்குப் பிறகு இங்கே வீடு பார்க்க வருகிறவர்கள் கூடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் ஜோஜோ டேங்க்கை (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) தட்டிப் பார்க்கிறார்கள். நான் பார்த்த வீடு ஒன்றில் சமையலறை மூலையில் 25 லிட்டர் கேன்கள் வரிசையாக நின்றன. வீட்டம்மா அவற்றின் மேல் பூத்துணி போட்டு மறைத்திருந்தார். பாவமாக இருந்தது, ஆனால் விலை பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

பக்கத்து வீட்டு ஆயாவிடம் பேச்சுக் கொடுங்கள். என்னிடம் ஒரு ஆயா வேலிக்கு மேலிருந்து, "மேட்டு வீதிக்குக் கடைசியாத்தான் தண்ணி ஏறும் தம்பி, கீழ் ரோட்டுல பாரு" என்றார். இரண்டு தெருவுக்கும் விளம்பர விலையில் வித்தியாசமே இல்லை. பதிவான விலையில் இருந்தது.

சாட்ஸ்வொர்த் மருமகள்

எங்கள் பக்கம் இந்த அறிக்கை முறை பாதிதான் உதவும். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நல்ல வீடு விளம்பரத்துக்கே வராது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் 1960-களில் வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள், மூன்று தலைமுறையாக அதே தெரு. கோவிலில், கல்யாண வீட்டில் பேச்சு அடிபடும், அண்ணன் தம்பிக்குள்ளேயே கைமாறிவிடும். சொந்தத்துக்குள் போட்ட விலை சந்தை விலை ஆகாது. அதை வைத்துப் பேரம் பேசப் போனால் முகத்தில் கதவு சாத்துவார்கள். என் மாமனார் எங்களுக்காக வாய் திறந்து விசாரித்தபிறகுதான் உருப்படியாக ஏதாவது கண்ணில் பட்டது.

இன்னொன்று. இங்கே முக்கால்வாசி வீட்டில் பின்னால் அவுட்பில்டிங் கட்டி வாடகைக்கு விட்டிருப்பார்கள். "மாசம் இவ்வளவு வருது" என்று வாடகையையும் சேர்த்து விலை சொல்வார்கள். முனிசிபாலிட்டி ஒப்புதல் கொடுத்த பிளானில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து, பிளானில் இல்லாத இரண்டு அறையையும் சேர்க்காமல் மதிப்புப் போட்டுவிட்டுப் போனார். வங்கி கொடுக்க ஒப்புக்கொண்டது கேட்ட விலைக்கு வெகு கீழே. பாண்ட் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனை ஆஃபரில் இருந்ததால் அங்கேயே நின்றது. செல்லர் பிளான் பாஸ் பண்ணித் தருகிறேன் என்றார். இன்றைக்கும் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

மிட்ராண்ட்வாசி

ஜோஹன்னஸ்பர்க் பக்கம் ஐடி வேலைக்கு வந்து பில்டரிடம் புது ஃபிளாட் பார்ப்பவர்களுக்குச் சுருக்கமாக: "டிரான்ஸ்ஃபர் டியூட்டி (சொத்து கைமாறும்போது வாங்குபவர் கட்டும் வரி) இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இல்லைதான், 15 சதவீத வாட் ஏற்கெனவே விலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. பழைய வீடு என்றால் 12.1 லட்சம் வரை டியூட்டியே கிடையாது (ஏப்ரல் 2025 முதல்). நார்த் கோஸ்ட்வாசி மாதிரி 20 லட்சத்துக்கு வாங்கினால் 33,786 ராண்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பில்டரிடம் விற்காத வீடு கையிருப்பில் இருக்கும்வரை அந்த வளாகத்தில் மறுவிற்பனை விலை தலை தூக்காது. மிட்ராண்டில் இப்படி அடுத்தடுத்து வளாகங்கள். நான் வாடகைக்கு இருந்துகொண்டே அடுத்த கட்டடத்தில் விளக்கு எரியும் ஜன்னல்களை எண்ணுவேன், சந்தை நிலவரம் அதில் தெரியும்.

கேப் காற்று

டர்பன் நண்பரின் வழி கேப் டவுனில் எடுபடவில்லை. மற்ற மாகாணங்களிலிருந்து ஜனம் இங்கே குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது, விலையும் மற்ற இடங்களைவிட வேகமாக ஏறுகிறது. ஆஃபர் ஒப்புக்கொண்டதிலிருந்து பதிவாக மூன்று மாதம்போல ஆகும். ஆக, டீட்ஸ் ஆபீஸில் நேற்று பதிவான விலை போன பருவத்துப் பேரம். ஏறும் சந்தையில் அதைக் காட்டினால் ஏஜென்ட் மரியாதையாகக் காப்பி கொடுத்து அனுப்பிவைப்பார். எங்களோடு ஒரே நாளில் வீடு பார்க்க வந்த ஜோகன்ஸ்பர்க் தம்பதி கேட்ட விலைக்கு மேலேயே கொடுத்து முடித்துவிட்டார்கள். அங்கே விற்ற பணம் கையில் ரொக்கமாக இருந்தது. நாங்கள் பாண்ட் முன் அனுமதியை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் எங்களை ஒரு ஆளாக மதித்தார்கள்.

நார்த் கோஸ்ட்வாசி, டர்பன்

கேப் காற்று சொல்வது சரி, ஏறும் இடத்தில் அந்த விலை பின்தங்கித்தான் இருக்கும். எங்கள் பக்கம் நிலைமை வேறு. 2023-ல் நாடு முழுக்க வீட்டு விலை ஏறிய வேகம் பணவீக்கத்துக்குக் கீழே. அப்படிப்பட்ட சந்தையில் மூன்று மாதப் பழைய விலை இன்னும் சூடு ஆறாதது.

கணேஷ், ஜோஜோ டேங்க் இந்த வீட்டில் இல்லை. வாங்கியபின் வைத்தோம். அதற்கும் டிரஸ்டிகள் (பாடி கார்ப்பரேட் நிர்வாகிகள்) அனுமதி வேண்டியிருந்தது. செக்ஷனல் டைட்டிலில் சுவருக்கு வெளியே ஆணி அடிக்கக் கூடக் கடிதம் எழுத வேண்டும்.

தனிச்செய்தியில் விசா பற்றிக் கேட்டவருக்கு: இந்த நாட்டில் குடியிராத வெளிநாட்டவர் என்றால் இங்கே விலையில் பாதிக்கு மேல் கடன் வாங்க முடியாது. வேலை அனுமதியில் இங்கே இருப்பவர்களுக்கு வங்கிக்கு வங்கி மாறும், அனுமதி எத்தனை காலம் பாக்கி என்று பார்ப்பார்கள். வீடு பார்க்கக் கிளம்பும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள். ஊரிலிருந்து பணம் கொண்டுவருவதாக இருந்தால் வங்கியில் அந்த வரவுக்கான தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள், விற்றுவிட்டுத் திரும்பும்போது பணத்தை வெளியே அனுப்ப அதைத்தான் கேட்பார்கள்.