பூசை மாடத்தில் இருந்த முதியவர் சிலை: தந்தமா, எலும்பா, பிளாஸ்டிக்கா?

பழையவண்ணை வாசி:

பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுப் பூசை மாடத்தில், முருகன் படத்துக்கும் காமாட்சி விளக்குக்கும் நடுவே, ஒரு சாண் உயரமுள்ள வெளிர்மஞ்சள் நிறச் சிலை ஒன்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருந்து வருகிறது. 1964இல் ரங்கூனில் கடையை இழந்து கப்பலேறிய தாத்தா தம்முடன் கொண்டுவந்த மிகச் சில பொருள்களுள் இதுவும் ஒன்று. நீண்ட தாடி, அளவுக்கு மீறி உயர்ந்த வழுக்கை நெற்றி, ஒரு கையில் தடி, மறுகையில் உருண்டையான பழம் என்று அமைந்த முதியவரின் உருவம் அது. பாட்டி அவரை அகத்தியர் என்றே நம்பி, வெள்ளிக்கிழமைதோறும் சந்தனமும் குங்குமமும் இட்டு வந்தார்.

அப்பா காலமாகி இரண்டு மாதங்கள் ஆகின்றன. இது யானைத் தந்தம், லட்சக்கணக்கில் விலைபோகும் என்கிறார் அண்ணன். பர்மா பஜார் பிளாஸ்டிக் பொம்மை என்று சிரிக்கிறார் மைத்துனர். அடிப்பகுதியில் சதுரமான கட்டத்துக்குள் நான்கு சீன எழுத்துகள் உள்ளன. ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அவ்வாறு செய்யலாமா?

மூலக்கொத்தளம்:

அருள்கூர்ந்து ஊசியைத் தொடாதீர்கள். தந்தமாக இருந்தால் ஆறாத வடு விழும். செல்லுலாய்டு எனும் பழங்காலப் பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பற்றிக்கொள்ளும். அருங்காட்சியகம் ஒன்றில் பொருள்களைப் பேணும் பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்குக் கண்ணும் பொறுமையுமே போதும்.

நகைக்கடையில் பயன்படுத்தும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். சிலையைக் கடைகளுக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். முதலில் அடிப்பகுதியைப் பாருங்கள், ஏனெனில் தந்தத்தின் குறுக்குவெட்டு முகம் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். யானைத் தந்தத்தில் இரு திசைகளிலிருந்து வளைந்து வரும் மெல்லிய கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை போலத் தோன்றும். இவற்றை ஷ்ரேகர் கோடுகள் என்பார்கள். வெளிவிளிம்பை ஒட்டிய பகுதியில் இக்கோடுகள் சந்திக்கும் கோணம் 115 பாகைக்கு மேல் விரிந்திருந்தால் அது யானை. 90 பாகைக்குள் குறுகியிருந்தால் பெரும்பாலும் மாமத் எனும் அழிந்துபோன விலங்கின் தந்தம். ஆசிய யானையா, ஆப்பிரிக்க யானையா என்பதைக் கண்ணால் சொல்ல இயலாது; அதற்கு மரபணுச் சோதனை வேண்டும். சிலையின் பக்கவாட்டில் வலைக்குப் பதிலாக நீளவாக்கில் அலைபாயும் வரிகளே தெரியும் என்பதால், அங்கே தேடிவிட்டு ஏமாற வேண்டாம்.

எலும்பு என்றால், இரத்தக் குழாய் ஓடிய தடங்கள் கரும்புள்ளிகளாகவும் சிறு கீறல்களாகவும் எங்கும் சிதறியிருக்கும். எலும்பின் நடுவே மஜ்ஜை நிறைந்த பொள்ளல் உண்டு என்பதால், தடித்த உருவத்தை ஒரே துண்டில் செதுக்குவதும் அரிது. செல்லுலாய்டில் வரிகள் அச்சடித்தாற்போல ஒரே சீராக, எங்கும் வெட்டிக்கொள்ளாமல் ஓடும். ரெசின் எனும் அச்சில் வார்த்த செயற்கைப் பிசினில் காற்றுக் குமிழிகளும் அச்சின் தையற்கோடும் காட்டிக்கொடுக்கும். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கில் தந்தம் நீலங்கலந்த வெண்மையாக ஒளிரும். ஆனால் உங்கள் பாட்டியின் பக்தி இங்கே குறுக்கே நிற்கிறது: எண்ணெயும் சந்தனமும் படிந்த மேற்பரப்பு அவ்வாறு ஒளிராது. அதற்காகப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நீரிலும் கழுவாதீர்கள். தந்தம் ஈரத்தில் உப்பி, காயும்போது வெடிக்கும்.

யானைகவுனி:

அவர் அகத்தியர் அல்லர். உயர்ந்த நெற்றியும் பீச் பழமும் தடியும் சேர்ந்திருந்தால், அவர் சீனர்கள் நீண்ட ஆயுளுக்காக வணங்கும் ஷௌசிங் என்ற தெய்வம். ரங்கூனில் சீன வணிகர்கள் நிறைய இருந்தார்கள் என்பதால், தாத்தா கைக்கு இது வந்ததில் வியப்பில்லை. அடியில் உள்ள முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். 1735 முதல் 1796 வரை ஆண்ட சியன்லோங் என்ற சீனப் பேரரசரின் பெயரை, இருபதாம் நூற்றாண்டுப் பட்டறைகளும் தாராளமாகச் செதுக்கி விற்றன. மஞ்சள் நிறமும் வயதுக்குச் சான்றாகாது. தேநீரில் ஊறவைத்துப் பழுப்பேற்றும் வழக்கம் உண்டு. உங்கள் வீட்டிலோ அந்த வேலையை விளக்குப் புகையே செய்திருக்கும். வயதைச் சொல்வது உளி வேலைதான்: விரல்களும் தாடி இழைகளும் ஒவ்வொன்றாகப் பிரிந்திருக்கின்றனவா, ஆடை மடிப்பு முதுகுப் புறத்திலும் அதே கவனத்துடன் தொடர்கிறதா என்று பாருங்கள்.

உயர்நீதிமன்ற வளாகம்:

விலைப் பேச்சை இன்றே நிறுத்திவிடுங்கள். யானைத் தந்தத்தின் வணிகம் இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் தடைசெய்யப்பட்டது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இறக்குமதியான தந்தத்தையும் அத்தடைக்குள் கொண்டுவந்தது. ஆகவே, ரங்கூனிலிருந்து வந்தது என்பது விற்பதற்கான வழியாகாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 40ஆம் பிரிவின்படி, இத்தகைய பொருளை வாரிசுரிமையாகப் பெறுபவர் 90 நாள்களுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அதை அறிவிக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். எஞ்சியிருப்பது ஒரு மாதமே.

உங்கள் தந்தை உரிமைச் சான்றிதழ் பெற்றிருந்தாரா என்று பழைய காகிதங்களில் தேடுங்கள். அத்தகைய பொருள்களை அறிவிக்க 2003 ஏப்ரலில் 180 நாள் அவகாசம் தரப்பட்டது. அப்போது விட்டுப்போயிருந்தால், இப்போது அறிவிக்கும் முன் ஒரு வழக்கறிஞரை நேரில் பார்ப்பது நல்லது. சான்றிதழ் பெற்றவர் பின்னாளில் வேண்டாமென்று கருதினால், ஏழு வேலை நாள் முன்னறிவிப்புடன் அரசிடம் ஒப்படைக்கலாம். ஈட்டுத்தொகை ஏதும் கிடைக்காது.

பழையவண்ணை வாசி:

அனைவருக்கும் நன்றி. ஞாயிறன்று வெயில் சாய்ந்த வேளையில் மொட்டை மாடியில் வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். வெட்டிக்கொள்ளும் கோடுகள் விளிம்பை ஒட்டித் தெளிவாகத் தெரிகின்றன. பாகைமானி வைத்து அளந்த இடங்களில் எல்லாம் 120க்குக் குறையவில்லை. முன்புறம் தாடி இழை இழையாக இருக்கிறது, முதுகில் மடிப்புகள் அவசரமாக முடிந்திருக்கின்றன. அண்ணனிடம் சட்டத்தைப் படித்துக் காட்டியதும் பாகக் கணக்கிலிருந்து சிலையை அவரே நீக்கிவிட்டார். அப்பாவின் இரும்புப் பெட்டியில் சான்றிதழ் எதுவும் அகப்படவில்லை. நாளை வழக்கறிஞரைச் சந்திக்கிறோம். சீனச் சாமியாக இருந்தாலும் வெள்ளிக்கிழமைச் சந்தனத்தை நிறுத்த மாட்டேன் என்ற அம்மா, ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, சிலைக்கு இடாமல் அதன் பீடத்துக்கு மட்டும் இடுவதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.