56-18... இங்க ஈல்ஸ் (சிட்னி பராமட்டாவோட ரக்பி லீக் டீம்) ரசிகர்கள் யாராவது இருக்கீங்களா? பையன் கேட்ட கேள்விக்கு பதில் தெரியல

வென்டி_அப்பா

நேத்து மெல்பர்ன்ல நடந்த மேட்ச் பாத்தவங்க யாராவது இருந்தா கொஞ்சம் பேசுங்கப்பா, வீட்ல என் புலம்பலை கேக்க ஆளில்ல.

2025 சீசனோட முதல் மேட்ச், புது கோச் ஜேசன் ரைல்ஸுக்கும் பராமட்டாவுல இதுதான் முதல் மேட்ச், வென்ட்வொர்த்வில்ல மத்தியானம் வெயில் மண்டைய பொளந்துச்சு, நாலு மணிக்கு வெங்காய பஜ்ஜியோட நானும் 9 வயசு பையனும் டிவி முன்னாடி உக்காந்தோம், அவன் நீலமும் மஞ்சளும் போட்ட ஜெர்சிய காலைலயே மாட்டிக்கிட்டான். அப்புறம் நடந்தத நான் சொல்லணுமா? மெல்பர்ன் ஸ்டார்ம் எங்கள துவைச்சு, பிழிஞ்சு, கொடியில காயப்போட்டு, க்ளிப்பும் மாட்டிட்டாங்க. 56-18. அந்த 18ஐ யாரும் ஆறுதலா சொல்லிடாதீங்க, தயவு செஞ்சு.

எனக்கு தோக்கறது புதுசில்ல. நான் ஈல்ஸ் பாக்க ஆரம்பிச்சதே 2012ல, ஆஃபீஸ்ல பக்கத்து சீட்காரர் இழுத்து விட்டது, அந்த வருஷம் கடைசி இடம், அடுத்த வருஷமும் கடைசி இடம், நடுவுல 2018லயும் ஒரு தடவை கடைசி. 2022 ஃபைனலுக்கு மச்சானோட ஹோம்புஷ் ஸ்டேடியத்துக்கே போனேன், பென்ரித் 28-0ன்னு போய்க்கிட்டு இருக்கறப்ப எங்காளுங்க கடைசியா ரெண்டு ட்ரை (பந்தை எதிராளி கோட்டுக்கு அந்தப்பக்கம் தரையில வெக்கறது) போட்டு 28-12ன்னு முடிச்சாங்க, அதுக்குள்ள எங்க பக்கத்து வரிசையில பாதி பேர் ஸ்டேஷனுக்கு போயாச்சு. அதெல்லாம் தாங்கிட்டேன்.

நேத்து தாங்க முடியாதது பையன் கேட்ட கேள்வி. ஸ்டார்ம் வரிசையா ட்ரை போட்டுக்கிட்டே இருக்காங்க, ஒவ்வொரு தடவையும் நம்மாளு நடுக்கோட்டுக்கு வந்து பந்தை அவங்ககிட்டயே உதைக்கிறான். இவன் திரும்பி என்னை பாத்து, "ஏம்ப்பா, அடி வாங்கினதும் நாம, பந்தை குடுக்கறதும் நாமளா? ஃபுட்பால்ல கோல் வாங்கினவன்கிட்ட தானே பந்து வரும்?" னு கேக்கறான். 13 வருஷமா பாக்கறேன், இத நான் ஒரு தடவை கூட யோசிச்சதில்ல. ரூல் அப்படித்தான்டான்னு சொன்னேன், அவன் ஒத்துக்கல, யார் போட்ட ரூல்ங்கறான்.

ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஒரு டீம் இப்படி சரிய ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்குதே, அதுக்கு இந்த ரூல்தான் காரணமா, இல்ல நம்ம பசங்களுக்கு தெம்பில்லையா? ரெண்டாவது, இவன் ஸ்கூல்ல பாதி பேர் பென்ரித் ரசிகர்கள். டீமை மாத்திக்கறேன்னு சொன்னா என்ன சொல்றது?

---

பென்ரித்_மாப்ள

ரெண்டாவது கேள்விக்கு மட்டும் பதில்: மாத்த சொல்லுங்க. 2021, 22, 23, 24, வரிசையா நாலு கப். எண்ணிக்கோங்க. கதவு திறந்தே இருக்கு 😄

---

கிராவீன்_மிடில்

மாப்ள நீ சும்மா இரு.

அண்ணே பையன் கேட்டது ரொம்ப சரியான கேள்வி, இந்த விளையாட்டோட சூட்சுமமே அதுலதான் இருக்கு. நான் லோக்கல் கிளப்ல நாலு சீசன் ஃபார்வர்டா ஆடினவன், அந்த அனுபவத்துல சொல்றேன். ஒரு டீமுக்கு ஆறு டேக்கில் வரைக்கும் பந்து, சரியா? அந்த ஆறும் நம்ம பாதியில நடந்தா நாம ஒவ்வொரு டேக்கிலுக்கும் ஆள புடிச்சு கீழ தள்ளிட்டு 10 மீட்டர் பின்னாடி ஓடணும், திரும்ப முன்னாடி வரணும், திரும்ப புடிக்கணும். நம்ம மேல ஒரு சின்ன தப்பு வந்தா ரெஃப்ரி கைய காட்டுவார், 2020ல இருந்து இருக்கற அந்த சிக்ஸ் அகெய்ன், அவங்களுக்கு மறுபடி முதல்ல இருந்து ஆறு. பந்தோட ஓடறவனுக்கு களைப்பு கம்மி, புடிக்கறவனுக்குதான் மூச்சு முட்டும், ஏன்னா ஒரு ஆள புடிக்க ரெண்டு மூணு பேர் போகணும்.

இப்ப ட்ரை வாங்கியாச்சு. நாக்கு தள்ளி நிக்கறோம். அந்த நிலைமையில பந்தை அவங்ககிட்டயே உதைச்சு குடுத்துட்டு, அவங்க எடுத்துக்கிட்டு ஓடி வர்றத மறுபடி புடிக்கணும். அதாவது சண்டையில விழுந்தவன எழுப்பி விட்டு, மூச்சு வாங்கறதுக்குள்ள இன்னொரு ரவுண்டு. நல்ல டீம்னா அந்த முதல் செட்டுல, அதாவது முதல் ஆறு டேக்கில்ல, எதிராளிய அவங்க 30 மீட்டர் கோட்டுக்குள்ளயே அமுக்கி கிக் அடிக்க வெச்சிருவாங்க. அத ரெண்டு தடவை தவறவிட்டா சரியுது பாருங்க, அது நிக்காது.

ஊர்ல கபடி பாத்திருப்பீங்கல்ல? களத்துல ரெண்டு பேர் மட்டும் மிச்சம் இருக்கறப்ப ரெய்டர் வந்தா என்ன ஆகும், ஆல் அவுட், மேல கூடுதலா 2 பாயின்ட். முன்னாடி இருக்கறவன் இன்னும் முன்னாடி போறதுக்கு ரூலே வழி விடுது. அதே கதைதான்.

ஆனா ரூல் மேல மட்டும் பழிய போடாதீங்க. அதே ரூல்தான் ஸ்டார்முக்கும்.

---

மேஸ்ஹில்_அண்ணர்

தம்பி, நான் 85இல வந்தனான், வந்த புதுசில வெஸ்ட்மீட்டில ஒரு சின்ன யூனிட்டில ஏழு பேர் இருந்தனாங்கள். 86 ஃபைனல் அந்த வீட்டு டிவியில பாத்தனாங்கள். எங்களுக்கு விளையாட்டு ஒண்டும் விளங்காது, கீழ் வீட்டு வெள்ளைக்காரர் வந்து இருந்து சொல்லிச் சொல்லித் தந்தவர். 4-2. ரெண்டு பக்கமும் ஒரு ட்ரை கூட இல்லை, எல்லாம் கோல் உதைச்சது தான். எங்கட ஈல்ஸ் கேன்டர்பரியை வெண்டது. ரே பிரைஸுக்கும் மிக் குரோனினுக்கும் அதுதான் கடைசி ஆட்டம். ஆட்டம் முடிய அந்தக் கீழ் வீட்டு மனுசன் அழுதவர், அவர் ஏன் அழுகிறார் எண்டு எங்களுக்கு அண்டைக்கு விளங்கேல்லை.

அதுக்குப் பிறகு இண்டைக்கு வரைக்கும் இல்லை. என்ர மகள் பிறந்து, படிச்சு, கலியாணமும் கட்டி, பேரனும் வந்திட்டான், கோப்பை வரேல்லை. இப்ப லீக்கில இருக்கிற டீமுகளுக்குள்ள இவ்வளவு காலம் கோப்பைக்குக் காத்திருக்கிறது நாங்கள் தான். அதுக்கு முதல் 81, 82, 83 எண்டு தொடர்ந்து மூண்டு. 81இல முதல் தரம் வெண்ட இரவு சனம் சந்தோசத்தில பழைய கம்பர்லண்ட் ஓவலையே கொளுத்திப் போட்டுதாம். அந்தச் சனத்தின்ர பேரப்பிள்ளையள் தான் இப்ப எங்களோட கம்பேங்க் ஸ்டேடியத்தில இருக்கிறது, அதால பாத்து நடவுங்கோ.

பொடியன் கேட்டதுக்கு வாறன். அந்த ரூல் எங்களை அடிச்ச மாதிரி, எங்களுக்கு உதவியும் இருக்குது. 2001 ஃபைனலில நியூகாசில் எங்களுக்கு பாதி ஆட்டத்தில 24-0. நான் மைதானத்தில இருந்தனான். மனுசி வா போவம் எண்டு சொன்னவ, நான் எழும்பேல்லை. ரெண்டாம் பாதியில எங்கட பொடியள் 24 போட்டவங்கள். 30-24. தோல்வி தான், ஆனா அண்டைக்கு ஆட்டம் மற்றப் பக்கமும் சாயும் எண்டதைக் கண்ணால கண்டனான். 98இல அதின்ர மறுபக்கமும் கண்டாச்சு, கேன்டர்பரிக்கு எதிரா 18-2 எண்டு முன்னுக்கு நிண்டு, கடைசிப் பத்துப் பன்னிரண்டு நிமிசத்தில எல்லாத்தையும் குடுத்து, எக்ஸ்ட்ரா டைமில 32-20 எண்டு தோத்தது. அதைப் பற்றி இன்னும் எங்கட வீட்டில கதைக்கிறேல்லை.

---

கிராவீன்_மிடில்

98ஐ ஏன் அண்ணா காலங்காத்தால ஞாபகப்படுத்தறீங்க 😭

---

டான்டினோங்_தேவி

ஸ்டார்ம் பக்கத்துல இருந்து ஒரு குரல், கல்லெறியாதீங்க. நேத்து ஏஏஎம்ஐ பார்க்ல நேர்ல இருந்தேன். எங்களுக்கு முன் வரிசையில பராமட்டா ஜெர்சி போட்ட ஒரு குடும்பம், தாத்தா, அம்மா, ரெண்டு பொண்ணுங்க. கடைசி விசில் வரைக்கும் எழுந்திரிக்கல. 40 தாண்டினதுக்கு அப்புறம் எங்க ஆளுங்களே அவங்க முகத்த பாத்து சத்தத்த குறைச்சுக்கிட்டாங்க, நானும்தான்.

உண்மைய சொன்னா முதல் ரவுண்டுல எங்ககிட்ட மாட்டுனது உங்க நேரம். 2001க்கு அப்புறம் ஸ்டார்ம் முதல் ரவுண்டுல தோத்ததே கிடையாது. எங்க கோச் கிரேக் பெல்லமி கோடை முழுக்க பசங்கள பிழிஞ்சு எடுத்துடுவாரு. போன அக்டோபர்ல பென்ரித்கிட்ட ஃபைனல்ல 14-6ன்னு தோத்த கடுப்பு வேற. உங்க பக்கம் பாத்தா மிட்செல் மோசஸ் பாதத்துல அடிபட்டு வெளிய உக்காந்திருக்கார், கதர்சன் டிராகன்ஸுக்கு போயாச்சு, கேம்பல்-கில்லார்ட் டைட்டன்ஸுக்கு, சீவோ இங்கிலாந்துக்கு. முதுகெலும்ப கழட்டி வெச்சிட்டு வந்தா எப்படி நிமிர்ந்து நிப்பீங்க? ரைல்ஸ் எங்ககிட்ட அசிஸ்டன்டா இருந்தவர்தான், வேலை தெரிஞ்ச ஆளு. டைம் குடுங்க.

---

கிராவீன்_மிடில்

@டான்டினோங்_தேவி நல்லவிதமா பேசறீங்க, நன்றி. 2009 ஃபைனல்ல எங்கள 23-16ன்னு ஜெயிச்ச அந்த கப்பு இப்ப எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டு போங்க 😏

---

டான்டினோங்_தேவி

தெரியும் இத கேப்பீங்கன்னு. சாலரி கேப் (சம்பள உச்சவரம்பு) விவகாரத்துல புடுங்கிட்டாங்க, ஒத்துக்கறேன். உங்களுக்கும் குடுக்கலையே அத!

---

கிராவீன்_மிடில்

அதான் வலி.

---

துங்காபி_கணக்கு

எல்லாரும் ரூலு, வரலாறுன்னு பேசறீங்க, எனக்கு இதுல உடன்பாடில்ல. நான் கொஞ்சம் கசப்பா பேசறவன், மன்னிச்சுக்கோங்க. ஆளுங்க இல்ல, கோச் புதுசு, முதல் ரவுண்டு, எல்லாம் சரி. ஆனா டேக்கில் பண்றதுக்கு மோசஸ் எதுக்கு? டிஃபென்ஸ்ங்கறது பக்கத்துல நிக்கறவன் மேல இருக்கற நம்பிக்கை, அவன் உள்ள இருக்கறவன பாத்துப்பான்னு நம்பினா நான் என் ஆள மட்டும் பாப்பேன், நம்பிக்கை இல்லைன்னா ரெண்டு பேரும் ஒரே ஆள்கிட்ட ஓடுவோம், விங்ல ஒருத்தன் கை தட்டிக்கிட்டே போய் ட்ரை வெப்பான். நேத்து எத்தனை தடவை அப்படி ஆச்சு? பெரிய தோல்வி ஒவ்வொண்ணுலயும் இதத்தான் பாக்கறேன். 2018ல மேன்லிகிட்ட 54-0, அன்னிக்கு பயங்கர வெயில்னு சாக்கு சொன்னாங்க, மேன்லிக்கு மட்டும் மேகம் வந்து குடை புடிச்சுதா?

இன்னொண்ணு, பாயின்ட் வித்தியாசம். முதல் ரவுண்டுலயே மைனஸ் 38. ஃபைனல்ஸுக்கு போற கடைசி இடமான எட்டாவது இடத்துக்கு சீசன் கடைசியில இழுபறி வரும்போது இந்த 38 வந்து கழுத்த புடிக்கும், நோட்டுல எழுதி வெச்சிக்கோங்க. அதனால கடைசி பத்து நிமிஷம் முக்கியம். மேட்ச் போயாச்சுன்னு விட்ட ரெண்டு ட்ரைக்கும் விலை இருக்கு.

வென்டி_அப்பா, ஒரு சந்தோஷமான விஷயமும் சொல்லிடறேன், இல்லன்னா எல்லாரும் என்னை திட்டுவீங்க. 2019 செப்டம்பர்ல பிரிஸ்பேன எலிமினேஷன் ஃபைனல்ல 58-0ன்னு அடிச்சோம், ஞாபகம் இருக்கா? அன்னிக்கு அந்த பக்கம் ஒரு பிரிஸ்பேன் அப்பா ஒரு பிரிஸ்பேன் பையனோட உக்காந்திருப்பாரு. நாம யாரும் அவர நினைக்கல. நான் சர்ச் ஸ்ட்ரீட்ல ராத்திரி ஆடிக்கிட்டு இருந்தேன். சரியா அடுத்த வாரம் மெல்பர்ன் போய் 32-0ன்னு தோத்தோம்.

---

மேஸ்ஹில்_அண்ணர்

இவர் சந்தோசமான விசயம் எண்டு துடங்கி எங்க கொண்டு போய் முடிச்சார் பாத்தியளோ.

தம்பி, வாற கிழமை வெஸ்ட்ஸ் டைகர்ஸோட மேட்ச், எங்கட இடத்தில. பொடியனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. டிவியில பாக்கேக்க ஸ்கோர் மட்டும் தான் தெரியும், நேரில பாத்தால் களைச்சுப் போன ஃபார்வர்ட் முட்டியில கையை ஊண்டி நிண்டு, பிறகும் எழும்பி லைனுக்கு ஓடுறது தெரியும். வெஸ்ட்மீட்டில இருந்து புது டிராமும் வருது இப்ப, பார்க்கிங் தேடித் திரியத் தேவையில்லை. நான் காலமை முருகன் கோயிலுக்குப் போயிட்டு அப்பிடியே வருவன்.

---

பென்ரித்_மாப்ள

கோயிலுக்கு போறது நல்லது, வேற வழியும் இல்ல.

சரி சரி, சீரியஸா ஒண்ணு. எங்க வீட்ல நாங்க 2003க்கு அப்புறம் 2021 வரைக்கும் காத்திருந்தோம், நடுவுல எங்கப்பா கிட்ட இதே டீமை மாத்தற கேள்விய நான் கேட்டிருக்கேன். அவர் பதிலே சொல்லல, அடுத்த வாரம் டிக்கெட் எடுத்துட்டு வந்தாரு, அவ்வளவுதான். பையன என் பக்கம் அனுப்ப வேணாம், வெச்சிக்கோங்க.

---

வென்டி_அப்பா

எல்லாருக்கும் நன்றிங்க. மூணு நாளா பதில் போட முடியல, ஆஃபீஸ்ல ரிலீஸ்.

கிராவீன் தம்பி எழுதினத பையனுக்கு அப்படியே படிச்சு காட்டினேன். கபடி உதாரணம் அவனுக்கு புரியல, அவன் கபடி பாத்ததில்ல, அதுக்கு தனியா யூடியூப்ல ஒரு மணி நேரம் போச்சு. எல்லாம் கேட்டுட்டு, "அப்போ முதல் ட்ரைய நாம போட்டுட்டா பந்து நம்மகிட்டயே இருக்கும்ல, அத ஏன் யாரும் கோச்சுக்கு சொல்லல?" ங்கறான். ரைல்ஸ் இங்க எழுதறதெல்லாம் படிச்சா இத குறிச்சுக்கட்டும்.

அண்ணா, டைகர்ஸ் மேட்சுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்தாச்சு. நீங்க எந்த கேட் பக்கம்னு மெசேஜ் போடுங்க, பையனுக்கு 86 கதைய நீங்களே சொல்லணும். துங்காபி சாரும் வாங்க, ஆனா மைனஸ் 38 பத்தி அவன் முன்னாடி பேசக்கூடாது.

---

துங்காபி_கணக்கு

வரேன். பேச மாட்டேன். ஆமா, நம்ம டிலன் பிரவுன் நியூஸ் பாத்தீங்களா? அடுத்த வருஷத்துல இருந்து நியூகாசில், பத்து வருஷ கான்ட்ராக்ட், 13 மில்லியன் டாலர்.

---

வென்டி_அப்பா

பாத்தேன். பையன்கிட்ட இன்னும் சொல்லல. அவன் ஜெர்சி முதுகுல இருக்கறது பிரவுனோட 6 தான்.