காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நிற்கிறது, எந்த டாக்டரைப் பார்ப்பது?

கத்தரிக்கோல்

வணக்கம். வயது 44. முடி திருத்தும் வேலை, இருபது வருடத்துக்கு மேலாக நின்றபடியேதான் பிழைப்பு. இடது காலில் முழங்காலுக்கு உட்புறம் தொடங்கிக் கெண்டைக்கால் வரை நரம்பு பச்சையாகப் புடைத்து, மண்புழு சுருண்டு கிடப்பதுபோல இருக்கிறது. இது பத்து வருடக் கதை. வலி பெரிதாக இல்லை என்று விட்டுவிட்டேன். இப்போது சாயங்காலமானால் கால் கல்லைக் கட்டிவிட்டதுபோல் கனக்கிறது, சாக்ஸைக் கழற்றினால் அதன் விளிம்பு பதிந்த பள்ளம் அரை மணி நேரமானாலும் போவதில்லை. அதோடு கணுக்காலுக்கு மேலே, உட்பக்கமாக, உள்ளங்கை அளவுக்குத் தோல் கறுத்துவிட்டது, அரிப்பு வேறு.

நரம்பு என்பதால் நரம்பு டாக்டரிடம் போவதா, தோல் கறுத்ததால் தோல் டாக்டரிடம் போவதா? பி12 மாத்திரை நாலு மாதம் போட்டுப் பார்த்தாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடு, சரியாகிவிடும் என்கிறார் கூட வேலை செய்பவர்.

டாப்ளர் அறை

ஸ்கேன் எடுப்பது என் வேலை, நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேர் என்னிடம் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

குழப்பமே பெயரில்தான். ஊசி போடும்போது 'நரம்பு கிடைக்கவில்லை' என்று சொல்கிறோமே, அதுவும் நரம்பில்லை, உங்கள் காலில் புடைத்திருப்பதும் நரம்பில்லை. அது சிரை, கெட்ட ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துப்போகிற குழாய். பி12 நரம்புக்கான சத்து, நாலு மாதம் என்ன, நாலு வருடம் போட்டாலும் இந்தக் குழாய்க்கு ஒன்றும் செய்யாது.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகிப் பிழிந்து மேலே தள்ளும், தள்ளியது கீழே விழாமல் சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் மூடிக்கொள்ளும். வால்வின் இரண்டு இதழ்களும் சேரவில்லை என்றால் ஏறின ரத்தம் திரும்பக் கீழே சரிகிறது. அசையாமல் நிற்கிற வேலையில் பிழிவதற்கும் ஆளில்லை. கீழே அழுத்தம் கூடிக்கூடிக் குழாய் நெளிந்து சுருள்கிறது, நீர் கசிந்து வீங்குகிறது, ரத்தத்திலிருக்கும் இரும்பு தோலுக்கடியில் தங்கிக் கறையாகிறது. நீங்கள் சொல்லும் கறுப்பு அதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

போக வேண்டியது ரத்தநாள அறுவை சிகிச்சை டாக்டரிடம். பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பொது அறுவை சிகிச்சை டாக்டரிடம் தொடங்கலாம். அவர் டாப்ளர் ஸ்கேன் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது) எழுதிக்கொடுப்பார். அதை நின்றுகொண்டு எடுக்கிறார்களா என்று பாருங்கள், படுக்க வைத்து மட்டும் எடுத்தால் பின்னோட்டம் சரியாகத் தெரியாது. கெண்டைக்காலை ஒரு பிடி பிடித்து விடுவோம். நல்ல சிரை என்றால் விட்டதும் அமைதியாகிவிடும். வால்வு கெட்டிருந்தால் ரத்தம் கீழே திரும்புகிற 'புஸ்ஸ்' சத்தம் நீண்டுகொண்டே போகும். மேலோட்டமான சிரைகளில் 0.5 விநாடிக்கு மேல் போனால் அதைக் கோளாறு என்று குறிப்போம். கண்ணுக்குத் தெரிகிற சுருளைவிட முக்கியம், உள் கணுக்காலிலிருந்து தொடை இடுக்கு வரை ஓடும் நீளமான சிரை எங்கே கசிகிறது என்பது. அப்புறம் தசைக்குள் இருக்கிற ஆழ்சிரைகள் அடைப்பில்லாமல் இருக்கின்றனவா என்பதும்.

பழைய செருப்பு

என் சித்தப்பா எண்ணெய் போட்டு நீவித்தான் குணமானார். லேசர் செய்தாலும் திரும்ப வந்துவிடுமாம். எதற்கு வீண் வேலை?

மாடிப்படி

மேலே எழுதியவருக்கு: நீவும்போது சுகமாகத்தான் இருக்கும், காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதானே நீவுகிறோம், வீக்கம் அதிலேயே பாதி வடியும். கெட்ட வால்வு எண்ணெயில் தைக்காது.

கத்தரிக்கோல் அண்ணா, அந்தக் கறுப்பையும் அரிப்பையும் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். எனக்கும் அதே இடம்தான். படை என்று நானே முடிவு செய்து மூன்று வருடம் விதவிதமாகக் களிம்பு பூசினேன். ஒரு நாள் சொறிந்த இடத்தில் சின்னதாகத் தோல் உரிந்தது, ஐந்து மாதம் ஆறவில்லை. அப்போதுதான் ஒரு டாக்டர் களிம்பைப் பார்க்காமல் காலைப் பார்த்தார்.

எனக்கு லேசர் செய்தார்கள். முழங்காலருகே ஊசித்துளை வழியாக மெல்லிய கம்பி உள்ளே போகிறது, கெட்ட சிரையை உள்ளிருந்தே சூடாக்கி மூடிவிடுகிறார்கள். லேசர் வலிக்கவில்லை, அதற்கு முன்னால் சிரையைச் சுற்றி மரப்பு மருந்து ஏற்றத் தொடை முழுக்கக் குத்துகிறார்களே, அதுதான் வலி. அன்றைக்கே நடந்து வீட்டுக்கு வந்தேன். அப்புறம் சில வாரம் தொடையின் உட்புறம் ஒரு கயிறு இழுப்பதுபோல் இருந்தது. ஒரு சிரையை மூடினால் ரத்தம் எப்படி ஏறும் என்று நானும் பயந்தேன், பெரும்பகுதி ரத்தம் ஆழ்சிரைகள் வழியாகத்தான் போகிறதாம். திரும்ப வருவது உண்டுதான், காலப்போக்கில் வேறு சிரைகள் கெடலாம். அதற்காகப் புண் வரும்வரை காத்திருப்பது என்ன கணக்கு?

ரேடியோ அலையால் சூடாக்குவது, பசை வைத்து ஒட்டுவது, நுரை ஊசி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. எது என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள், விளம்பரத்தைப் பார்த்து நாம் முடிவு செய்வதில்லை.

கட்டுத்துணி

நர்ஸ், புண்ணுக்குக் கட்டுப்போடும் பிரிவில் இருக்கிறேன். மாடிப்படி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். முன்பெல்லாம் புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம் என்போம். பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. அழுத்தக் கட்டோடு சிரையையும் சீக்கிரமே மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாளில் புண் ஆறியது, தள்ளிப்போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆற 82 நாள் ஆனது.

காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த ஸ்டாக்கிங்ஸைக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை, புகைப் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல ரத்தம் கொண்டுவரும் தமனியிலும் அடைப்பு இருக்கலாம், அந்தக் காலை இறுக்கினால் விரல் செத்துப்போகும் அளவுக்கு ஆபத்து. கணுக்காலில் பிரஷர் பார்த்துக் கையோடு ஒப்பிட்ட பிறகுதான் அளவெடுத்துத் தருவோம். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் போட வேண்டும், ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இழுத்தால் எளிதாக ஏறும். மேல் விளிம்பை மட்டும் சுருட்டி விடாதீர்கள், கயிறு கட்டியது மாதிரி ஆகிவிடும். பிரஷருக்கு அம்லோடிபின் போடுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதனாலும் கால் வீங்கும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால் ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது நீவவே கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீச்சினால் பெரும்பாலானவர்கள் எழுந்து ஓடுகிறார்கள், இல்லை உடைந்த இடத்தை விட்டுவிட்டு அதற்கு மேல்பக்கமாகத் துணியை இறுக்கிக் கட்டுகிறார்கள். இரண்டும் தப்பு. படுத்து, காலை இதயத்துக்கு மேல் உயர்த்தி, உடைந்த இடத்தின்மேலேயே அழுத்திப் பிடியுங்கள், நிற்கும். பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.

கத்தரிக்கோல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஸ்கேன் நின்றுகொண்டுதான் எடுத்தார்கள். அந்த 'புஸ்ஸ்' எனக்கும் கேட்டது, வலது காலில் சட்டென்று நின்ற சத்தம் இடது காலில் மூன்று விநாடிக்கு மேல் ஓடியது. ஆழ்சிரை நன்றாக இருக்கிறதாம். அடுத்த மாதம் ரேடியோ அலை முறையில் செய்யலாம் என்கிறார் டாக்டர். சிஸ்டர் சொன்ன மாதிரியே கணுக்காலில் பிரஷர் பார்த்துவிட்டு ஸ்டாக்கிங்ஸ் கொடுத்தார்கள்.

ஒரே சந்தேகம், எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?

மாடிப்படி

நான் நாலாம் நாள் போனேன், ஆனால் எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. அன்றைக்கே நடக்கச் சொல்வார்கள். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதுதான் ஆகாது, அதை டாக்டரிடமே கேட்டுவிடுங்கள் அண்ணா. அதுவரை வேலைக்கு நடுவே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், கெண்டைக்கால் பிழியட்டும்.

கத்தரிக்கோல்

அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் சகோதரி. நாற்காலியில் இருப்பவருக்குக் கண்ணாடியில் என் தலை ஏறி ஏறி இறங்குவது தெரிகிறதாம், கத்தி வைக்கும்போது மட்டும் வேண்டாம் என்று கும்பிடுகிறார்.