மூலிகைக் களிம்பில் தண்ணீர் பிரிகிறது, மேலே கரும்புள்ளி. காப்பாற்ற முடியுமா?

நந்தியாவட்டை:

வணக்கம். எனக்கு விரல் கணுக்களிலும் குதிகாலிலும் தோல் வறண்டு வெடிக்கும். அதற்காக வேப்பிலை, குப்பைமேனி இரண்டையும் வைத்து வீட்டிலேயே களிம்பு செய்தேன்.

செய்த விதம்: பச்சை இலைகளைக் கழுவி, துணியில் ஒற்றி, மிக்சியில் ஒரு சுற்று சுற்றித் தேங்காய் எண்ணெயில் போட்டேன். எண்ணெய் பச்சை நிறமாகும் வரை, சுமார் 10 நிமிடம், சிறு தீயில் வைத்து வடிகட்டி ஆறவிட்டேன். தேன்மெழுகை நேரடியாக அடுப்பில் உருக்கி, அதில் அந்த எண்ணெயை ஊற்றிக் கலக்கினேன். ஒரு கப் எண்ணெய்க்கு இரண்டு மேசைக்கரண்டி மெழுகுத் துருவல். பிறகு இரண்டு டப்பாக்களில் ஊற்றினேன். ஒன்றில் மட்டும் கற்றாழைச் சோறு இரண்டு கரண்டி சேர்த்து நன்றாக அடித்தேன். தூசி விழக் கூடாதே என்று இரண்டையும் உடனே மூடிவிட்டேன்.

இப்போது கற்றாழை சேர்த்த டப்பாவை அழுத்தினால் ஓரத்தில் தண்ணீர் கசிகிறது. மேலே சில கரும்புள்ளிகள், லேசான புளித்த வாடையும் இருக்கிறது. மற்றதில் புள்ளி இல்லை. ஆனால் தொட்டால் மணல் மாதிரி நெருடுகிறது, மூடியின் உள்பக்கம் நீர்த்துளிகள் நிற்கின்றன, பகலில் பாதி உருகியும் விடுகிறது.

மறுபடி சூடாக்கினால் சரியாகுமா? வைட்டமின் ஈ எண்ணெய் சேர்த்தால் கெடாது என்கிறார்களே, இப்போது சேர்க்கலாமா?

பச்சிலை:

கரும்புள்ளி வந்த டப்பாவைத் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடுங்கள். அது பூசணம். வெடித்த தோலில் அதைப் பூசவே கூடாது. மேலே இருப்பதை மட்டும் வழித்துவிட்டு அடியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான், பூசண இழைகள் உள்ளே இறங்கியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் தண்ணீர். எண்ணெயும் மெழுகும் மட்டுமே உள்ள களிம்பில் பூசணமோ பாக்டீரியாவோ வளர வழியில்லை, அவை வளர ஈரம் வேண்டும். உங்கள் செய்முறையில் ஈரம் மூன்று வழியாக வந்திருக்கிறது. பச்சை இலையில் இருந்த சாறு 10 நிமிடத்தில் வற்றியிருக்காது. கற்றாழைச் சோற்றில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். சூட்டோடு மூடியதால் ஆவி மூடியில் துளிர்த்துத் திரும்பக் களிம்பிலேயே சொட்டியிருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த மாதிரி தெரியுமே தவிர சேராது. தேன்மெழுகு தனியாக அவற்றைப் பிணைத்து வைக்காது, அதற்குப் பால்மமாக்கி என்று வேறொரு பொருள் வேண்டும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் கிருமி வளராமல் தடுக்கும் பதப்படுத்தியும் சேர்க்க வேண்டும். அது க்ரீம் செய்யும் வேலை, களிம்பு அல்ல.

வைட்டமின் ஈ பற்றிப் பலர் தவறாகவே சொல்கிறார்கள். அது எண்ணெய் காறிப்போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். பூசணத்தைத் தடுக்கும் சக்தி அதற்கு இல்லை. அடுத்த முறை செய்யும்போது மொத்த எடையில் 0.5 முதல் 1 சதவீதம் வரை சேருங்கள், நல்லதுதான். கெட்டதை அது மீட்காது.

கூழாங்கல்:

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை ஏன் வீணாக்க வேண்டும்? நன்றாகக் கொதிக்க வைத்தால் பூசணம் செத்துவிடும், தண்ணீரும் ஆவியாகிவிடும். வடிகட்டித் திரும்ப ஊற்றலாமே.

பச்சிலை:

செத்துப்போகும் என்பது சரி. ஆனால் பூசணம் அதுவரை விட்டுவைத்த கழிவும் நஞ்சும் அந்தச் சூட்டில் அழியும் என்று நம்ப முடியாது. புளித்த வாடை வந்துவிட்டது என்றால் உள்ளே ஏற்கெனவே வேலை நடந்திருக்கிறது. முழுத் தோல் நமக்கு ஒரு காப்பு, வெடித்த தோலுக்கு அந்தக் காப்பு இல்லை. ஒரு கப் எண்ணெய்க்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம் என்பேன்.

தைலப்பானை:

பச்சை இலையே கூடாது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். மூலிகைச் சாற்றையும் அரைத்த விழுதையும் எண்ணெயில் இட்டுத் தைலம் காய்ச்சுவது பழைய முறைதான். அதில் பதம் பார்க்கத் தெரிய வேண்டும், நேரக் கணக்கு உதவாது. ஆரம்பத்தில் எண்ணெய் சடசடவென்று பொங்கும், அது சாற்றில் உள்ள நீர் வெளியேறும் சத்தம். அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே சிறு தீயில் காய்ச்ச வேண்டும். சத்தம் அடங்கியதும் அடியில் உள்ள விழுதைக் கொஞ்சம் கரண்டியால் எடுத்து ஆறவைத்து விரலில் உருட்டிப் பாருங்கள். கையில் ஒட்டாமல் திரி மாதிரி உருண்டு வர வேண்டும், அதைத்தான் மெழுகு பதம் என்பார்கள். அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் இன்னும் நீர் இருக்கிறது. (எண்ணெய்ப் பானைக்குப் பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள், தள்ளிப் போய்ச் செய்யுங்கள்.) அதைத் தாண்டிக் காய்ச்சினால் விழுது கருகி எண்ணெயிலும் கருகல் வாடை ஏறிவிடும்.

பதம் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்களுக்கு உலர்ந்த இலைதான் பாதுகாப்பு. நிழலில் உலர்த்தி, கையில் கசக்கினால் நொறுங்கிப் பொடியாகும் நிலையில் எடுங்கள். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

நந்தியாவட்டை:

மனமில்லாமல்தான், ஆனாலும் முதல் டப்பாவைக் கொட்டிவிட்டேன். இரண்டாவதும் போக வேண்டியதுதானா? நெருநெருவென்று இருப்பதற்கும் தண்ணீர்தான் காரணமா? எடை பார்க்கும் தராசு என்னிடம் இல்லை, கரண்டிக் கணக்கில் சொல்ல முடியுமா?

பச்சிலை:

இரண்டாவதையும் விட்டுவிடுவதே நல்லது. மூடியில் துளி நிற்கிறது என்றால் ஈரம் இருக்கிறது, புள்ளி வருவதற்கு நாள்தான் பாக்கி.

நெருடலுக்குக் காரணம் வேறு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும். உருகிய மெழுகில் ஆறிய எண்ணெயை ஊற்றினால் மெழுகு அங்கங்கே குட்டிக் குட்டியாக உறைந்துவிடும். அதுதான் விரலில் மணலாகத் தெரிகிறது. எண்ணெயையும் மெழுகையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து, முழுவதும் தெளியும் வரை ஒன்றாக உருக்குங்கள். நேரடித் தீயில் வேண்டாம், அளவு மீறிச் சூடானால் மெழுகு தீப்பிடிக்கும். கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள், உள்ளே நீர் தெறிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அளவுக்கு வருவோம். தராசு இல்லாமல் துல்லியம் வராது, ஏனென்றால் துருவல் கரண்டியில் எவ்வளவு அமுங்குகிறது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். முடிந்தால் ஒரு சிறிய டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். 100 கிராம் எண்ணெய்க்கு 12 முதல் 15 கிராம் மெழுகு போட்டால் விரலில் எளிதாக எடுக்கும்படி மென்மையாக வரும். 20 முதல் 25 கிராம் போட்டால் கெட்டியாக நிற்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகுவது, அதனால் வெயில் காலத்தில் கெட்டிப் பக்கமே போங்கள்.

அதுவரைக்கும் கரண்டிச் சோதனை கைகொடுக்கும். ஒரு கரண்டியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, உருகிய களிம்பில் சில துளிகளை அதில் விட்டுச் சில நிமிடம் பாருங்கள். உறைந்ததும் அறை வெப்பத்துக்கு வரவிட்டு விரலால் தேயுங்கள். இளகலாக இருந்தால் மெழுகும், கல்லாக இருந்தால் எண்ணெயும் கொஞ்சம் சேர்த்து மீண்டும் உருக்கலாம். டப்பாவில் ஊற்றிய பிறகு வருந்துவதற்கு இது எவ்வளவோ மேல்.

உலர்ந்த இலை மூழ்கி ஒரு விரல் உயரத்துக்கு எண்ணெய் நிற்க வேண்டும். 50, 60 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும். வடிகட்டி ஓர் இரவு அசையாமல் வைத்து, அடியில் படிந்த கடைசிக் கலங்கலை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள். டப்பாவில் ஊற்றியபின் மெல்லிய துணி போட்டு, முழுவதும் ஆறியபின் மூடுங்கள்.

தைலப்பானை:

கற்றாழை வேண்டுமானால் களிம்புக்குள் போட வேண்டியதில்லை. குளித்து முடித்துத் தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போது புதிதாகக் கீறிய சோற்றைத் தடவுங்கள், அதன்மேல் களிம்பைப் பூசுங்கள். எண்ணெயும் மெழுகும் தோலுக்கு ஈரம் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரம் போகாமல் பிடித்துவைக்கும். வறண்ட தோலில் அப்படியே பூசிவிட்டுப் பலன் இல்லை என்பவர்கள் பலர்.

கற்றாழையைக் கீறியதும் வடியும் மஞ்சள் பால் சிலருக்கு அரிக்கும். அதை வடியவிட்டுக் கழுவிவிட்டு எடுங்கள்.

சிறுபூளை:

நானும் இதே மாதிரி செய்யப் போகிறேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பூசலாமா? வாசனைக்குக் கொஞ்சம் கற்பூரம் சேர்க்க ஆசை.

பச்சிலை:

கற்பூரம் வேண்டவே வேண்டாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும், சிறு குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரக் கூடியது. வாசனைத் தைலங்களும் அந்த வயதுக்குத் தேவையில்லை. பெரியவர்களுக்கே 100 கிராமுக்கு 1 கிராமைத் தாண்ட வேண்டாம். குழந்தையின் தோல் வறட்சிக்கு மூலிகை எதுவும் இல்லாத வெறும் களிம்பு போதும். சிவந்து தடித்திருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பூசுங்கள்.

நந்தியாவட்டை, உங்களுக்கும் ஒன்று. குப்பைமேனி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முழங்கையின் உள்பக்கம் ஒரு சிறு இடத்தில் காலையும் மாலையும் சில நாள் பூசிப் பாருங்கள். அரிப்பு, தடிப்பு இல்லையென்றால் பிறகு காலுக்குப் போகலாம். குதிகால் வெடிப்பில் ரத்தமோ சீழோ இருந்தாலும், சர்க்கரை நோய் இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நந்தியாவட்டை:

சர்க்கரை இல்லை, வெடிப்பும் மேலோட்டமானதுதான். உலர்ந்த இலையில் 100க்கு 20 என்ற அளவில் செய்துவிட்டேன். வழுவழுவென்று வந்திருக்கிறது, மூடியில் துளி இல்லை. கையில் பூசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இதுவரை அரிப்பு இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே ஒரு தொல்லை, பாத்திரத்தில் ஒட்டிய மெழுகு எவ்வளவு தேய்த்தாலும் போகமாட்டேன் என்கிறது.

தைலப்பானை:

ஆறியபின் தேய்த்தால் போகாது. பாத்திரத்தைத் திரும்பச் சூடாக்கி, மெழுகு இளகியதும் பழைய துணியாலோ காகிதத்தாலோ துடைத்து எடுங்கள், பிறகு சோப்பும் வெந்நீரும் போதும். உருகிய மெழுகைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் போய் உறைந்து அடைத்துவிடும்.